இரண்டு ஏடுகளும் ஒரு நிலமும்

மங்களூர் என்றதும் பெரும்பாலோர் நினைவில் எழுவது கர்நாடகத்தின் கடற்கரை நகரம்தான். நான் சொல்ல வருவது கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திட்டக்குடி வட்டத்தில் இருக்கும் மங்களூர். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு அதன் பெயர். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை வரை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர் இருந்தது. கிழக்கே பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம். அருகே வெலிங்டன் நீர்த்தேக்கம். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் காடுகள். இமையத்தின் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த மண் பழக்கமானதே. விருத்தாசலத்துக்கும் இதே பெயர்ச் சிக்கல் உண்டு. அது ஊரின் பெயர். புதுமைப்பித்தனின் இயற்பெயரும் அதுவே. பேச்சில் வரும்போது இடம் பார்த்து, ஆள் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஏட்டுக்கு அந்த வசதி இல்லை. எழுதியது எதுவோ அதுதான் அதற்குத் தெரியும்.

இந்தச் சின்னக் குழப்பத்திலிருந்துதான் இக்கட்டுரையின் பொருள் தொடங்குகிறது. இன்று அலுவலகங்களில் ஒரே வேலையை இரண்டு மூன்று இடங்களில் எழுதிவைக்கிறார்கள். வடிவமைப்பவர் ட்ரெல்லோவில் ஓர் அட்டை போடுகிறார். நிரல் எழுதுபவர் அதையே ஜிராவில் பதிகிறார். மேலாளர் ஸோஹோ புராஜெக்ட்ஸில் அதற்கு ஒரு கெடுத்தேதி குறிக்கிறார். ஓரிடத்தில் ‘முடிந்தது’ என்று மாற்றினால் மற்ற இடங்களிலும் யாராவது கையால் மாற்றவேண்டும். மறந்தால் ஒரே வேலை ஓர் ஏட்டில் முடிந்தும் இன்னொன்றில் முடியாமலும் நிற்கும். இந்தக் கைவேலையை இயந்திரத்திடம் விடுவதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. ஒரு செயலியில் நடந்ததை இன்னொன்றுக்கு உடனே தெரிவிக்கும் முறைக்கு ஜெஃப் லிண்ட்சே என்பவர் 2007இல் ‘வெப்ஹூக்’ என்று பெயரிட்டார். ஐஎஃப்டிடிடி 2010இலும் ஸேப்பியர் 2011இலும் தோன்றின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2018இல் ‘ஃப்ளோ’ என்ற இணைப்புச் சேவையைக் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே வாக்கியம்தான்: இது நடந்தால் அதைச் செய்.

கேட்பதற்கு எளிது. இணைக்க உட்கார்ந்தவர் முன்னால் மூன்று கேள்விகள் வந்து நிற்கும். அங்குள்ள இந்த வேலைதான் இங்குள்ள அந்த வேலை என்று எதை வைத்து அறிவது? அந்த ஏட்டில் இருக்கும் ஒரு கலம் இந்த ஏட்டில் இல்லையென்றால் அதில் எழுதியிருப்பது எங்கே போகும்? இரண்டும் வேறு வேறு சொன்னால் எது வெல்லும்? மென்பொருள் உலகம் இவற்றைத் தான் கண்டெடுத்த புதுச் சிக்கல்களாகவே பேசுகிறது. ஆனால் மங்களூர் போன்ற ஒரு கிராமத்தின் நிலக்கணக்கு இந்த மூன்று கேள்விகளையும் நூற்றாண்டுகளாகச் சந்தித்துவந்திருக்கிறது. அங்கே தவறான விடைக்கு விலை ஒரு கெடுத்தேதி அன்று. ஒரு குடும்பத்தின் காணி.

* * *

சோழர் செப்பேடுகளைப் புகழ்ப்பாட்டாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றின் நடுப்பகுதி ஓர் அலுவலக நடைமுறையின் பதிவு. லெய்டன் செப்பேடு என்றும் அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் பெயரால் எழுந்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தான். அரசன் வாயால் சொன்னதைக் கேட்டு எழுத ஓர் அதிகாரி. எழுதியதைப் பார்த்து ஒப்பமிடத் திருமந்திர ஓலை நாயகம். அதன்பின் புரவுவரித் திணைக்களத்தார் கூடி வரிப்பொத்தகத்தில் ஏற்றுதல். வரியிலிடுதல் என்று இதற்குப் பெயர். முகவெட்டி, பட்டோலை என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் அலுவலர் உண்டு.

அத்துடன் முடியவில்லை. ஓலை நாட்டாருக்குப் போகிறது. அவர்கள் எதிர்கொண்டு சென்று தலைமேல் வைத்து வாங்குகிறார்கள். பிறகு ஒரு பெண்யானையை முன்னால் நடக்கவிட்டு ஊரின் எல்லையை நடந்தே சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு, தம் பங்குக்கு ஓர் ஓலை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். தலைநகரின் வரிப்பொத்தகம் ஓர் ஏடு. நாட்டார் எழுதிய ஓலை இன்னொன்று. இரண்டையும் இணைத்தது அந்த நடை. ஏட்டிலிருப்பதை ஏட்டோடு ஒப்பிடுவதோடு நிற்காமல் மண்ணோடும் ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டவர்கள் பெயர் எழுதப்பட்டது. பின்னாளில் எல்லை பற்றி வழக்கு வந்தால் யாரைக் கேட்பது என்பது தெளிவு.

இதைப் பொற்காலமென்று சொல்லவில்லை. அந்த ஓலையில் கையெழுத்திட்டவர்கள் நிலமுடையோர். உழுதவர்களின் குரலை அதில் தேடிப் பயனில்லை. நான் கவனிப்பது நடைமுறையை மட்டும்: ஒரு பதிவு இன்னோர் ஏட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார்.

* * *

கும்பெனி ஆட்சியில் கதை வேறு உரு எடுத்தது. சென்னை மாகாணத்தில் 1820 முதல் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தினார். அரசு இனி ஊரைப் பார்த்து மொத்தமாக வரி கேட்காது, ஒவ்வொரு உழவரையும் தனித்தனியே பார்த்துக் கேட்கும். அதற்கு ஒவ்வொரு துண்டு நிலமும் எண் பெற்றாகவேண்டும். 1858இல் தொடங்கிய விரிவான நில அளவை அந்த எண்ணைக் கொடுத்தது. புல எண், அதன்கீழ் உட்பிரிவு. முதல் கேள்விக்கு இதுவே விடை. பெயர்கள் மாறும், எழுத்துப் பிழையாகும், இரண்டு ஊருக்கு ஒன்றாக இருக்கும். எண் அப்படியில்லை. இன்று செயலிகளை இணைப்பவர்கள் வேலையின் தலைப்பை நம்பாமல் அதன் அடையாள எண்ணை நம்புவதும் இதே காரணத்தால்தான்.

கிராமத்துக் கணக்குப்பிள்ளையிடம் ஒரே நிலம் மூன்று ஏடுகளில் இருந்தது. அ-பதிவேடு புல எண் வரிசையில் எழுதப்பட்டது: பரப்பு, தரம், தீர்வை. சிட்டா ஆள் வரிசையில்: இன்னாருக்கு இன்னின்ன புலங்கள். அடங்கல் பருவ வரிசையில்: இந்தப் பசலியில் இந்தப் புலத்தில் என்ன பயிர், எந்த நீர். ஒரே உண்மையை மண்ணின் பக்கமிருந்தும் மனிதரின் பக்கமிருந்தும் காலத்தின் பக்கமிருந்தும் எழுதிவைக்கும் ஏற்பாடு. ஓர் ஏட்டில் மாறினால் மற்றவற்றிலும் மாறவேண்டும். வட்ட அலுவலகத்திலும் தனிக் கணக்கு உண்டு, அதுவும் மாறவேண்டும்.

இவை எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு நாள் வைத்தார்கள். அதுதான் ஜமாபந்தி. ஜமா என்றால் மொத்தம், பந்தி என்றால் கட்டுதல். இன்று அரசுத் தமிழில் வருவாய்த் தீர்வாயம். பசலி என்பது அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இங்கே பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது 1435ஆம் பசலி. ஆண்டு முடியும் முன், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தீர்வாய அலுவலர் வட்டத் தலைமையிடத்துக்கு வந்து உட்கார்வார். கிராமக் கணக்குகள் வட்டக் கணக்கோடு ஒப்பிடப்படும். நில அளவைச் சங்கிலியைக்கூட எடுத்துவைத்துக் காட்டவேண்டும். சங்கிலியே தேய்ந்து நீண்டிருந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? இன்னொரு பக்கம் மக்கள் மனுவோடு நிற்பார்கள். பெயர் தவறு, பரப்பு குறைவு, பாதையை அடைத்துவிட்டார்கள், பட்டா மாறவில்லை.

மன்றோவின் வாரிசுகள் இதை மக்கள் நலனுக்காகச் செய்யவில்லை. வரி ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவே செய்தார்கள். ஏட்டைக் கையில் வைத்திருந்த கணக்குப்பிள்ளை ஊரில் பெரும் அதிகாரம். வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தது. 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் அதற்குப் பாதுகாப்பளித்தது. பரம்பரை உரிமைப்படி நியமிப்பது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின்மூலம் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஏடு ஒரு குடும்பத்தின் பரணிலிருந்து அரசு அலுவலகத்துக்கு வந்த மாற்றத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

* * *

இரண்டாவது கேள்வி, கலத்தைப் பற்றியது. தமிழக வரலாற்றில் அதற்கு மிகக் கசப்பான ஓர் உதாரணம் உண்டு.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹியர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை அரசு அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று வழங்குவது அதுவே. அந்த ஒப்படைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது; பின்னர் விற்றாலும் அதே மக்களுக்கு மட்டுமே. நிலத்தின் எண், பரப்பு, தீர்வை ஆகியவற்றில் இந்த நிலம் மற்ற நிலங்களைப் போன்றதே. அதைத் தனித்துக் காட்டியது ஏட்டின் ஓரத்திலிருந்த குறிப்பு மட்டும்.

1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் தமிழ்நாடெங்கும் நடந்தது. மக்கள் வாயில் அது யூ.டி.ஆர். பழைய ஏடுகளிலிருந்து புதிய ஏடுகளுக்குப் பெயர்த்தெழுதும் மாபெரும் வேலை. எண்கள் வந்தன, பரப்பு வந்தது, அனுபவத்தில் இருப்பவர் பெயர் வந்தது. பல இடங்களில் ஓரக் குறிப்பு வரவில்லை என்பது நில உரிமை இயக்கங்களின் நெடுநாள் முறையீடு. குறிப்பு வராத ஏட்டில் பஞ்சமி நிலம் வெறும் நிலம். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் இந்த நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். ‘யூ.டி.ஆர். பிழைத் திருத்தம்’ என்ற சொற்றொடர் இன்றும் மனுக்களில் வாழ்கிறது.

செயலிகளை இணைக்கும்போது கலத்துக்குக் கலம் பொருத்திக் கொடுப்பார்கள். தலைப்பு தலைப்புக்கு, தேதி தேதிக்கு, பொறுப்பாளர் பொறுப்பாளருக்கு. எதிர்ப்பக்கத்தில் இணை இல்லாத கலம் சத்தமில்லாமல் உதிரும். இயந்திரம் பிழை என்று சொல்லாது. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றே சொல்லும். உதிர்ந்தது யாருடைய ஓரக் குறிப்பு என்பது, அதை நம்பி வாழ்பவருக்குத் தெரியும்வரை வேறு எவருக்கும் தெரியாது.

* * *

இனி அண்மைக் காலம். ஒருவர் நிலம் வாங்கினால் இரண்டு துறைகளில் இரண்டு ஏடுகள் மாறவேண்டும். கிரயப் பத்திரம் பதிவுத் துறையில். பட்டா வருவாய்த் துறையில். வில்லங்கச் சான்று முதலதிலிருந்து வரும், சிட்டா இரண்டாவதிலிருந்து வரும். இரண்டும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கட்டடம். பத்திரம் பதிந்துவிட்டு, பட்டா மாற்றத் தனியே மனுக்கொடுத்து, மாதக்கணக்கில் நடப்பது வழக்கமாக இருந்தது. நடக்கச் சலித்தவர்கள் விட்டுவிட்டார்கள். வாங்கியவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்று தலைமுறைகள் கடந்தன.

பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வருவாய்த் துறையிடம் தமிழ்நிலம் இருந்தது. இரண்டையும் இணைத்தார்கள். பத்திரம் பதிவானதுமே பட்டா மாறுதலுக்கான விவரம் வருவாய்த் துறைக்குத் தானாகப் போய்ச்சேரும். உட்பிரிவு செய்யவேண்டாத நிலமாக இருந்து, விற்பவர் பெயரும் பட்டாவிலுள்ள பெயரும் பொருந்தினால், பட்டா தானாகவே மாறும் வசதியும் வந்தது. உட்பிரிவு வேண்டுமென்றால் நில அளவர் போய் அளந்தாகவேண்டும். பெண்யானை இல்லாவிட்டாலும் யாராவது மண்ணில் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற வாக்கியம் ஓர் அரசின் அளவில் நிறைவேறியதென்றே இதைக் கொள்ளலாம். இதனால் மிச்சமாகும் நடைகள் எத்தனை, தப்பும் கைநீட்டல்கள் எத்தனை! இதை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். பட்டாவில் உள்ள பெயர் பொருந்தவேண்டும். மங்களூர்ப் பக்கத்தில் மட்டுமல்ல, எங்கும் எத்தனையோ பட்டாக்கள் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கின்றன. முன்னெழுத்து ஒன்றில் ‘அ’, மற்றதில் ‘ஆ’. கூட்டுப் பட்டாவில் ஆறு பெயர். ஏற்கெனவே ஏடு ஒழுங்காக இருப்பவருக்கு இணைப்பு ஓடிவந்து உதவும். ஏடு சிக்கலாக இருப்பவர் பழையபடி வரிசையில் நிற்பார். இணைப்பு வந்தபின் அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருப்பார்கள் என்று ஊகிக்க ஆய்வு வேண்டாம்.

அதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதல் மகளுக்கும் மகனைப் போலவே பரம்பரைச் சொத்தில் பங்குண்டு. தந்தை இறந்தபின் மகன்கள் பெயரில் மட்டும் பட்டா மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன்கள் விற்கிறார்கள். பெயர் பொருந்துகிறது. இரண்டு ஏடுகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. மகளோ இரண்டிலும் இல்லை. ஏடுகள் ஒத்துப்போவது உண்மைக்குச் சான்றாகாது. ஒரே தவறை இரண்டிடத்தில் எழுதினாலும் அவை ஒத்துத்தான் போகும். முன்பு இரண்டு ஏடுகளும் முரண்பட்ட இடத்தில் யாராவது நின்று ஏன் என்று கேட்கவேண்டியிருந்தது. முரண் ஒரு தொல்லை. அதுவே ஒரு வாசலாகவும் இருந்தது. விடுபட்டவர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்.

* * *

மூன்றாவது கேள்விக்கு நம் இலக்கிய மரபிலேயே ஒரு விடை இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தவையும் ஒத்துப்போகாத ஏடுகளே. ஒரே செய்யுள் ஓர் ஊர்ச் சுவடியில் ஒரு விதம், இன்னோர் ஊர்ச் சுவடியில் வேறு விதம். செயலி இணைப்புகளில் வழக்கமான தீர்வு, கடைசியாக எழுதியதே வெல்லும் என்பது. ஏட்டுச் சுவடியில் கடைசியாக எழுதியவர் பெரும்பாலும் களைத்துப்போன ஒரு படியெடுப்பாளர். பதிப்பாசிரியர் மரபு கண்டெடுத்த வழி வேறு. ஒன்றை மூலமாகத் தேர்ந்தெடு. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். தோற்ற பாடத்தை அழிக்காதே, அடியில் பாடபேதமாகக் குறித்துவை. நாளை வருபவன் நீ தவறென்று காட்டக்கூடும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் இணைப்பு வேலை செய்யும் எவருக்கும் இந்த மண்ணின் கணக்கு சில சொற்களை மிச்சம் வைத்திருக்கிறது. பெயரை நம்பாதே, எண்ணை நம்பு. இணை இல்லாத கலத்தை உதிரவிடாதே. தோற்றதை அழிக்காதே. ஒவ்வொரு தாவலிலும் ஓர் ஆளின் பெயர் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒரு ஜமாபந்தி வை. இயந்திரம் எல்லாம் சரி என்று சொன்னபிறகும் ஏடுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, சங்கிலியையும் எடுத்துப்போட்டு, தவறு என்று சொல்ல வருபவருக்காகக் காத்திரு.

ஜமாபந்தி இன்னும் நடக்கிறது. கணினியில் ஏறிய கணக்கை ஆண்டுதோறும் பந்தல்போட்டு எதற்குப் பார்க்கவேண்டும், அது தானாகவே ஒத்துப்போகிறதே என்று ஒருவர் கேட்கலாம். திட்டக்குடியிலோ விருத்தாசலத்திலோ மே மாத வெயிலில், பாலித்தீன் உறையில் மடித்த பழைய பட்டாவோடு வரிசையில் நிற்கும் பெண்மணியைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அவர் பெயர் இரண்டு ஏடுகளிலும் இல்லை. ஏடுகள் இரண்டும் மிகச் சரியாக ஒத்துப்போகின்றன.